அறுபத்து நாலு டிகிரி

"ரெண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு உப்புப் போடுவாங்க, பூச்சி?"

கீழ்வீட்டு அத்தை என்னிடம் இப்படிக் கேட்டபோது, நான் காலிக் கிண்ணத்தோடு அவளுடைய சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வாயில்லாப் பூச்சி என்று அவள் எனக்கு வைத்த பெயர் நாளாவட்டத்தில் தேய்ந்து வெறும் பூச்சியாகிவிட்டது. கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உப்பு டப்பாவுக்குள் கையை விட்டு, எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

தொழிற்சாலைக் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள் அவள். ஒரு வேளைக்கு முந்நூற்றைம்பது பேர். போன வருஷம் கம்பெனிக்காரர்கள் கேண்டீனை மூடிவிட்டு, வெளியிலிருந்து பெட்டிகளில் சாப்பாடு வரவழைக்க ஆரம்பித்தார்கள். அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய கை மட்டும் கேண்டீனிலேயே தங்கிவிட்டது. எதை அள்ளினாலும் முந்நூற்றைம்பது பேருக்கு அள்ளுகிற கைதான். குறைத்துக் குறைத்து, பத்துப் பேர் அளவுக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். வீட்டில் இருந்ததோ அவளும் மாமாவும் மட்டும். பிள்ளைகள் கிடையாது.

தெருவில் அவளுக்கு அண்டா என்று பெயர். மாமாவுக்கு அரைக்கிராம். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சரிபார்த்துப் பழுது நீக்குவது மாமாவின் தொழில். முன்னறைதான் பட்டறை. பித்தளை எடைக்கற்களை வெல்வெட் துணி போட்ட பெட்டியில் வைத்திருப்பார். வெறும் விரலால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் கல்லின் எடை கூடிவிடுமாம். பேச்சும் அப்படித்தான், இடுக்கியால் எடுத்து வைப்பதுபோல் ஒவ்வொன்றாக வரும். அண்டாவுக்கும் அரைக்கிராமுக்கும் எந்த மடையன் முடிச்சுப் போட்டான் என்று எதிர்வீட்டு பஸ் டிரைவர், மாமாவுக்குக் கேட்கும்படியே சொல்வார். மாமா தலை நிமிராமல், அந்த மடையன் என் மாமனார்தான் என்பார்.

அத்தைக்கு மிஞ்சியதைக் கொட்ட மனசு வராது. கிண்ணம் கிண்ணமாக ஊற்றி மூடி வைப்பாள். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பக்கத்து வீட்டுத் தையற்காரிக்கு ஒன்று, பஸ் டிரைவர் வீட்டுக்கு ஒன்று, தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு ஒன்று, மாடியில் எங்கள் அப்பாவுக்கும் எனக்குமாக ஒன்று. பத்தாம் வகுப்பில் பாதியில் நின்ற பிறகு நான் வெளியே போய் வந்தது இந்தக் கிண்ணங்களோடு மட்டும்தான். நான் பேச வேண்டியதில்லை, கிண்ணத்தை நீட்டினால் போதும். கிண்ணத்தைத் திருப்பித் தர வருகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். தையற்காரி அரைமணி நேரம் உட்கார்ந்து, அளவு கொடுத்துவிட்டு அதற்குள் பெருத்துப் போகிறவர்களைத் திட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆனால் அத்தை வீட்டில் நாலு செருப்பாவது கிடக்கும்.

மழை தொடங்கிய வாரத்தில் அந்தப் பெட்டி வந்தது.

பெரிய ரோட்டில் ஒரு ஓட்டல் மூடப்பட்டது. மாமா பல வருஷமாகத் தராசு பார்த்த இடம். சமையல்கட்டைக் காலி செய்துகொண்டிருந்த முதலாளி, இதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன், நீங்களாவது எடுத்துப் போங்கள் என்று கொடுத்துவிட்டார். பழைய டிரங்குப் பெட்டி அளவில் எவர்சில்வர் உடம்பு, மேலே கண்ணாடி மூடி, முன்பக்கம் சிவப்பாக எரியும் எண்கள். உள்ளே தண்ணீர் ஊற்ற ஒரு கோடு போட்டிருந்தது. பைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதற்கு ஒரு கம்பித் தட்டு. கோழியோ முட்டையோ கிழங்கோ, பையில் போட்டுக் காற்றில்லாமல் மூடி, தண்ணீருக்குள் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் கொதிக்காது. சொன்ன சூட்டில் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரம் தாமதமாக எடுத்தாலும் கருகாது, குழையாது.

மாமாவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. இரண்டு நாள் துடைத்தார். தன்னுடைய வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்து, பெட்டி அரை டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முன்னால் ஒட்டினார். பையை மூடுகிற மெஷின் இல்லாததால், பையின் வாயை ஓரத்தில் மட்டும் திறந்து வைத்து, மெல்ல மெல்லத் தண்ணீரில் இறக்குவார். தண்ணீர் சுற்றிலும் அழுத்த, உள்ளே இருக்கும் காற்று தானாக மேலே ஏறி வெளியே போகும். கடைசிக் குமிழி போனதும் பட்டென்று வாயை அழுத்தி மூடுவார். பை கோழித் துண்டின்மேல் தோல்போல ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"இருபத்திரண்டு வருஷம் அனல்ல நின்னது போதும். இனிமே நீ உக்காரு," என்று அத்தையிடம் சொன்னார். அவர் கணக்கில் அது ஒரு பெரிய சொற்பொழிவு.

கோழியைக் குளிப்பாட்டுறீங்களா, சோப்பு எடுத்து வரட்டுமா என்று அத்தை கேட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மாமா இரண்டு பைகளை வெட்டி, துண்டுகளை இரும்புச் சட்டியில் புரட்டி நிறமேற்றி, இரண்டு தட்டுகளில் வைத்தார். ஒவ்வொன்றும் நூற்று நாற்பது கிராம். எனக்கு ஓர் ஓரத்தை வெட்டிக் கொடுத்தார். கத்தி வைத்த இடத்தில் சாறு ஓடியது. பல்லுக்கு வேலையே இல்லை.

அத்தை முழுவதையும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். நன்றாக இல்லை என்றால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது. ஒரு குறை கிடைத்திருந்தால்கூட அவள் அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. காலையில் இரண்டு முட்டை. மதியம் இரண்டு பை. சாயங்காலம் கிழங்கும் காரட்டும், அதுவும் இரண்டு பை. கழுவ வேண்டிய பாத்திரம்கூட இல்லை. அத்தை அடுப்படியை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தாள். துடைக்க என்ன இருந்தது? நான் கிண்ணம் எடுத்துப் போவது நின்றதும், கிண்ணம் திருப்பித் தருகிறவர்களும் நின்றார்கள். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். விடாமல் பெய்த மழையும் ஒரு சாக்காகிவிட்டது. தையற்காரி ஜன்னல் வழியாகத் தலையாட்டுவாள். அத்தை வாசலில் நின்று, போகிறவர்கள் வருகிறவர்களின் குடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா முன்னறையில் கல்லை எடுத்துத் தட்டில் வைக்கும் சின்னச் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும்.

நர்சிங் காலேஜ் விடுதியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது அப்போதுதான். கேண்டீனில் அவளுக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர் இப்போது அங்கே இருந்தார். இருநூற்று நாற்பது பெண்களுக்குச் சமைக்கத் தலைமை ஆள் வேண்டும். பஸ்ஸில் ஆறு மணி நேரத் தொலைவு. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும் என்பதால் அங்கேயே தங்க வேண்டும். மாசத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வரலாம். திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

அத்தை இதை எனக்குச் சொன்னது மொட்டைமாடியில். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஈரப் போர்வையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தோம். மாமாவிடம் சொன்னாளாம். உன் இஷ்டம் என்றாராம். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லையாம்.

மறுநாள் மாமா சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். கோழி அறுபத்து நாலு, ஒன்றரை மணி. முட்டை அறுபத்து மூன்று, ஒரு மணி. காரட் எண்பத்தைந்து. எல்லாம் ஒரு ஆளுக்கு. நூற்று நாற்பது கிராம் ஒரே ஒரு தடவை எழுதியிருந்தது. அத்தை அதன் முன்னால் வெகுநேரம் நின்று படித்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முன்னறையில் மாமாவுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மளிகைக்கடைத் தராசின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நான் பேசாமல் இருப்பதால் என்னிடம் சொல்வது யாரிடமும் சொல்லாததுபோல என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாமாவும் அப்படித்தான். தராசைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் போகாதன்னு சொன்னா அவ போக மாட்டா. அதனாலதான் சொல்லல."

சற்று நேரம் திருகாணியைத் திருகினார்.

"அவளுக்கு ஆளுங்க வேணும்மா. நான் ஒரு ஆளு. என்னை வச்சு அவ என்ன பண்ணுவா?"

அன்று முழுவதும் அந்தச் சொற்கள் எனக்குள் உருண்டுகொண்டே இருந்தன. அத்தையிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தேன். சனிக்கிழமை காலையில் கீழே போனேன். அத்தை கட்டிலின்மேல் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னடி என்றாள். மாமாவுக்கு நீங்க போறது பிடிக்கல, சொன்னா நீங்க நின்னுடுவீங்கன்னுதான் சொல்லாம இருக்காரு என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அத்தை திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பூச்சி பேசிடுச்சே," என்று என் கன்னத்தைத் தட்டினாள். "இது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

அப்புறம் ஏன் என்பதுபோல் அவளைப் பார்த்தேன். அவள் ஒரு புடவையை எடுத்து உதறி, மறுபடியும் மடித்தாள்.

"போகாதன்னு சொல்லட்டும். சொல்லிட்டு, அப்புறம் போயிட்டு வான்னும் சொல்லட்டும். ரெண்டையும் சொல்லலாம்ல? ஒண்ணு சொன்னா இன்னொண்ணு சொல்லக் கூடாதுன்னு சட்டமா?"

"நீங்களே கேட்டா..." என்றேன்.

"கேட்டு வாங்கிக்கிற பொருளா அது?" சிரிப்பு போய்விட்டிருந்தது. "அவர் சொன்னா இருந்துடுவேனான்னு எனக்கே தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஆனா அதை அவர் வாயால கேக்காமப் போனேன்னு வை, அப்புறம் மாசத்துக்கு ரெண்டு நாள் எந்த மூஞ்சியோட இங்க வருவேன்? விருந்தாளி மாதிரியா?"

இதையும் மாமாவிடம் போய்ச் சொல்லிவிடாதே என்றாள். சொன்னால் அவர் ஒப்புக்குச் சொல்லிவிடுவார், அது தனக்கு வேண்டாம். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. பஸ் மூன்று மணிக்கு. இரண்டேகாலுக்கு வண்டி வரச் சொல்லியிருந்தாள். காலையில் பத்து மணிக்கு மாமா நனைந்தபடி கடையிலிருந்து வந்து, கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார். இரண்டு கையிலும் கனத்த பைகள். அத்தை தையற்காரியிடம் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்கிவரப் போயிருந்தாள்.

மாமா கோழியை மேஜைமேல் கொட்டினார். மூன்று கிலோவுக்குக் குறையாது. தராசு பக்கத்திலேயே இருந்தது, அவர் அதை மூலைக்குத் தள்ளிவிட்டார். கையால் அள்ளி அள்ளிப் பைகளில் போட்டார். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு பை வந்தது. தண்ணீரில் இறக்கிக் காற்றெடுக்கும்போது அவர் கை அவசரப்பட்டது. கம்பித் தட்டில் ஆறு பைக்குத்தான் இடம். தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதியையும் உள்ளே திணித்தார். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியது, இரண்டு கோப்பை மொண்டு வெளியே ஊற்றினார்.

"எல்லாரையும் கூப்பிடப் போறேன்," என்றார், என்னைப் பார்க்காமல். "தையக்காரம்மா, டிரைவர், சைக்கிள் கடை, உங்க அப்பா. எல்லாரும் உக்காந்து சாப்பிடட்டும். அத்தனை பேர் முன்னாடி சொல்லிடுவேன்."

என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் காது சிவந்திருந்தது.

வெந்து முடியட்டும், நானே வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறேன் என்றார். அத்தை திரும்பி வந்து நேரே படுக்கையறைக்குப் போய்ப் பெட்டி கட்டினாள். சமையலறைப் பக்கமே வரவில்லை. சிவப்பு எண் அறுபத்து நாலரையைக் காட்டியது. அவர் கணக்கில் அது அறுபத்து நாலு. மாமா நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரை மணிக்கு முதல் பையை எடுத்து வெட்டினார். சுற்று ஓரம் வெந்திருந்தது. இரண்டாவது பை நடுவிலிருந்து வந்தது, அதன் உள்ளே இளஞ்சிவப்பாக, பச்சையாக இருந்தது. மூன்றாவதும் அப்படியே. பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. தண்ணீர் சுற்றிவர இடமே இல்லை. பெட்டி தன் பக்கத்துச் சூட்டைச் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மாமா வெப்பமானியை ஒரு துண்டுக்குள் குத்திப் பார்த்தார். முப்பத்தெட்டு. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தினார். ஊரில் இருக்கும் தராசுகளையெல்லாம் சரிபார்த்தவர், இன்னொரு தடவை குத்தினால் வேறு எண் வரும் என்பதுபோல் குத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு மணிக்கு அத்தை உள்ளே வந்தாள். கிளம்புகிற புடவை கட்டியிருந்தாள். மேஜைமேல் பதினாலு பைகள், வெட்டியதும் வெட்டாததுமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. அவள் பைகளைப் பார்த்தாள், ஓரமாகக் கிடந்த கம்பித் தட்டைப் பார்த்தாள், மூலையில் இருந்த தராசைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னமோ இளகியது. குரல் சின்னதாக வந்தது.

"எதுக்குங்க இவ்வளவு?"

மாமா நிமிர்ந்தார். உதடு அசைந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சொல்லுங்க மாமா, சொல்லுங்க மாமா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கூப்பிட நினைத்த ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. பச்சைக் கோழிதான் இருந்தது.

"ஒரு வாரத்துக்கு," என்றார். "எனக்கு. சேத்து வச்சுக்கலாம்னு."

அத்தை என் பக்கம் திரும்பினாள். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் காலையில்தானே என்னிடம் சொல்லியிருந்தார், அத்தனை பேர் முன்னாடி சொல்லிடுவேன் என்று. நான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது, ஒப்புக்குச் சொன்னால் வேண்டாம் என்றது. வாய் தானாக மூடிக்கொண்டது. நான் நினைத்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாதி வெந்த கோழியை வச்சிருந்து தின்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்," என்றாள் அத்தை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பரண்மேல் கவிழ்த்திருந்த பெரிய பாத்திரத்தை எக்கி எடுத்து, கழுவி, அடுப்பில் வைத்தாள். பல நாளைக்குப் பிறகு அந்த அடுப்பு எரிந்தது. பைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் கிழித்து, துண்டுகளை உள்ளே தள்ளினாள். வெங்காயம் கேட்டாள், நான் உரித்துக் கொடுத்தேன். அவள் கை பறந்தது. நாற்பது நிமிஷத்தில் அறை முழுக்க ஆவி. அவளுக்கு வியர்த்தது. கரண்டியைச் சுழற்றும்போது அவள் முகம் கேண்டீன் காலத்து முகமாக இருந்தது. மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏதாவது எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு அடி முன்னால் வருவார், திரும்பப் பின்னால் போவார்.

அத்தை ஒரு துண்டை நசுக்கிப் பார்த்து, அடுப்பை அணைத்தாள். முகம் கழுவினாள். செருகிய தலைப்பை இறக்கி விட்டாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைத்தாள். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவள் கை துடைத்து நான் பார்த்ததில்லை. மாமாவுக்கு அவள் கொடுத்த நேரம் அது என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரிந்ததா?

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

நான் அத்தையின் துணிப் பெட்டியைத் தூக்கப் போனேன், மாமா முந்திக்கொண்டார். வாசல்வரை தூக்கி வந்து, வண்டிக்காரரிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் இரண்டு தடவை இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள், அவரைப் பார்த்துக்கொண்டு. தையற்காரியின் ஜன்னல் திறந்திருந்தது. மாமா தொண்டையைச் செருமினார். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"குடை எடுத்துக்கிட்டியா?" என்றார்.

குடை அவள் கையில்தான் இருந்தது. விரித்தே பிடித்திருந்தாள். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு படியிறங்கி, தேங்கி நின்ற தண்ணீரில் புடவை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.